159 ஆசனங்களும் ஒரு மாத அவகாசமும்

நீங்கள் எழுதியது இது: “159 ஆசனம் வைச்சிருக்கிற அரசாங்கம் நினைச்ச சட்டத்தைக் கொண்டு வரலாம், அரசியலமைப்பையே மாத்தலாம். பிறகு உயர் நீதிமன்றம் எண்டு ஒண்டு எதுக்கு? அது எங்களுக்காக எப்பவாவது அரசாங்கத்தை மறிச்சிருக்கா? அப்பப்பாவின்ர காணி வலிகாமம் வடக்கில. காணி உறுதி கையில கிடக்கு, காணி கையில இல்லை.” இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. முதலாவது கணக்குக் கேள்வி: மூன்றில் இரண்டு பெரும்பான்மை உள்ளவரைத் தடுக்க ஏதாவது வேலி உண்டா? இரண்டாவது, “எங்களுக்காக” என்ற சொல்லுக்குள் இருக்கிறது. வேலி இருந்தாலும் அது எங்கள் வளவையும் சேர்த்து அடைக்கப்பட்டதா என்பதுதான் நீங்கள் கேட்க வந்தது என்று நினைக்கிறேன். நான் யாழ்ப்பாணத்தில் முப்பது வருடத்துக்குக் கிட்டச் சட்டத்தரணியாக இருக்கிறேன். கைவந்த தொழில் காணி வழக்கும் குற்றவியல் வழக்கும். அரசியலமைப்பு வழக்குகளில் கொழும்பு மூத்தவர்களுக்குப் பின்னால் கோப்புக் காவிப் போனவன் என்ற அளவில்தான் என் அனுபவம். அதை மனதில் வைத்து வாசியுங்கள்.

முதலில் பெயர்க் குழப்பம் ஒன்றைத் தீர்த்துவிடுகிறேன். தமிழ்நாட்டுச் செய்திகளில் உச்ச நீதிமன்றம் என்று வருவதை நாங்கள் உயர் நீதிமன்றம் என்கிறோம். அது கொழும்பு புதுக்கடையில் மட்டுமே இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் இருப்பது மேல் நீதிமன்றம், அதற்குக் கீழே மாவட்ட நீதிமன்றமும் நீதவான் நீதிமன்றமும். உங்கள் கேள்வி புதுக்கடையைப் பற்றியது.

கணக்குக்கு வருவோம். 225 பேர் கொண்ட இலங்கை நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு என்பது 150. 2024 நவம்பர் தேர்தலில் ஆளும் கட்சி 159 எடுத்தது. யாழ்ப்பாண மாவட்டத்தின் 6 ஆசனங்களில் 3 கூட அவர்களுக்கே போனது. 150 கையில் இருந்தால் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் பெரும்பகுதியைத் திருத்தலாம். அதோடு நிற்கவில்லை. அரசியலமைப்பைத் திருத்தாமலே, அதற்கு முரணான ஒரு சாதாரணச் சட்டத்தைக்கூட அந்தப் பெரும்பான்மையோடு நிறைவேற்ற 84ஆம் உறுப்புரை இடம் கொடுக்கிறது. வேறு நாட்டுச் சட்டத்தரணிகளுக்கு இதைச் சொன்னால் இரண்டாம் முறையும் கேட்பார்கள். ஆக, உங்கள் சந்தேகத்தில் பாதி சரி.

மற்றப் பாதி 83ஆம் உறுப்புரையில் இருக்கிறது. சில விடயங்களைத் தொடுவதற்கு மூன்றில் இரண்டு போதாது, சர்வசன வாக்கெடுப்பும் வேண்டும். நாட்டின் பெயர், ஒற்றையாட்சி, மக்களின் இறைமை, கொடி, கீதம், தேசிய தினம், பௌத்தத்துக்கான முதன்மை இடம், சிந்தனை மற்றும் மனச்சாட்சிச் சுதந்திரம், சித்திரவதைக்கு எதிரான உரிமை என்பன அந்தப் பட்டியலில் உள்ளன. ஜனாதிபதியின் பதவிக்காலத்தையோ நாடாளுமன்றத்தின் ஆயுளையோ ஆறு வருடத்துக்கு மேல் நீட்டுவதும் அப்படித்தான். பட்டியலில் இல்லாததைக் கவனியுங்கள். சமத்துவம் இல்லை. காரணமின்றிக் கைது செய்யப்படாதிருக்கும் உரிமை இல்லை. பேச்சுரிமை இல்லை. சட்டக் கல்லூரியில் இதை முதல்முறை வாசித்தபோது, சமத்துவத்தைவிடக் கொடிக்கு இவ்வளவு உயரமான வேலியா என்று எனக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

சர்வசன வாக்கெடுப்பும் சும்மா விட்ட வேலிதான் என்று ஒருவர் வாதாடினால், என் வயதுக்காரர்களுக்கு மறுக்கக் கஷ்டம். 1982 டிசம்பர் 22ஆம் திகதி விளக்கா பானையா என்று கேட்டார்கள். விளக்கு என்றால் 1977இல் தெரிவான சபை தேர்தல் இல்லாமலே தொடரும், பானை என்றால் தேர்தல் வரும். யாழ்ப்பாண மாவட்டம் பெருவாரியாகப் பானைக்குப் போட்டது. நாடளாவிய கணக்கில் விளக்கு வென்றது. அடுத்த பொதுத் தேர்தல் 1989 பெப்ரவரியில்தான் வந்தது. அந்த இடைவெளிக்குள் இந்த நாட்டில் என்னென்ன நடந்தது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லுவார்கள்.

இந்தியாவில் என்ன பெரும்பான்மை இருந்தாலும் அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைத் தொட முடியாது என்று 1973இல் கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதியரசர்கள் 7க்கு 6 என்ற கணக்கில் தீர்த்தார்கள். அதை வைத்துக்கொண்டு இங்கும் அப்படி என்று சமூக ஊடகங்களில் சிலர் எழுதுகிறார்கள். பிழை. 1987இல் மாகாண சபைகளைக் கொண்டுவரும் 13ஆம் திருத்தச் சட்டமூலம் (சட்ட வரைவு) வந்தபோது 9 நீதியரசர்கள் முன் இந்த வாதம் வைக்கப்பட்டது. பிரதம நீதியரசர் சர்வானந்தாவின் தரப்பு அதை ஏற்கவில்லை. எந்த ஏற்பாட்டையும் எந்த வழியில் திருத்தலாம் என்று எங்கள் அரசியலமைப்பே எழுதி வைத்திருக்கும்போது, எழுதாத வேலி ஒன்றை நீதிமன்றம் போட முடியாது என்பது அவர்கள் நிலைப்பாடு.

ஆனால் எழுதிய வேலியை நீட்டிப் பிடிக்கலாம். உங்கள் முதல் கேள்விக்கு நேரடி விடை 2020இல் கிடைத்தது. அன்றைய அரசுக்கும் மூன்றில் இரண்டு இருந்தது. 20ஆம் திருத்தச் சட்டமூலத்தில், ஜனாதிபதியின் உத்தியோகபூர்வச் செயல்களை எதிர்த்து அடிப்படை உரிமை மீறல் மனுப் போடும் வழியை அடைக்கப் பார்த்தார்கள். அந்த வழியைத் திறந்தது 2015ஆம் ஆண்டின் 19ஆம் திருத்தம். உயர் நீதிமன்றம் என்ன சொன்னது? மக்களின் இறைமையைச் சொல்லும் 3ஆம் உறுப்புரையில் அடிப்படை உரிமைகளும் அடக்கம். ஆகவே அந்த வழியை அடைப்பது இறைமையைக் குறைப்பதாகும், சர்வசன வாக்கெடுப்பு இல்லாமல் செய்ய முடியாது. அரசு அந்த வாசகத்தைக் கைவிட்டுத்தான் அக்டோபர் 22ஆம் திகதி 156 வாக்குகளோடு மீதியை நிறைவேற்றியது. 83இன் பட்டியலில் சமத்துவம் இல்லை என்று மேலே முறைப்பட்டேன் அல்லவா, 3ஆம் உறுப்புரை வழியாக அதை ஓரளவு உள்ளே கொண்டு வரலாம் என்பதற்கு இந்தத் தீர்மானம் ஆதாரம். எவ்வளவு தூரம் கொண்டு வரலாம் என்பதில்தான் கருத்து வேறுபாடு. நிறைவேற்று ஜனாதிபதி முறையை முழுதாக ஒழிக்கச் சர்வசன வாக்கெடுப்பு வேண்டுமா என்று கேட்டால் இரண்டு மூத்த சட்டத்தரணிகள் இரண்டு பதில் சொல்வார்கள், இரண்டுக்கும் தீர்ப்பு காட்டுவார்கள். அங்கே உறுதியாகப் பேசுகிறவரை நான் நம்பமாட்டேன்.

இந்த 20ஆம் திருத்த விடயத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது சட்டமூலமாக இருந்தபோதே நீதிமன்றத்துக்குப் போனது. எங்கள் முறையில் படலை திறந்திருப்பது அப்போது மட்டும்தான். சட்டமூலம் வர்த்தமானியில் வந்து நாடாளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் ஏறியதும் எந்தப் பிரஜையும் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம், ஆனால் நாட்களை எண்ணிக்கொண்டு போகவேண்டும். நீதிமன்றம் மூன்று கிழமைக்குள் தன் தீர்மானத்தைச் சொல்ல வேண்டும். சட்டமூலம் நிறைவேறிவிட்டது என்று சபாநாயகர் சான்றுரை எழுதியபின் 80ஆம் உறுப்புரையின்படி எந்த நீதிமன்றமும் அந்தச் சட்டத்தின் செல்லுபடியைக் கேள்வி கேட்க முடியாது. இது வெறும் ஏட்டுச் சட்டம் என்று நினைக்கவேண்டாம். 2024இல் இணையப் பதிவுகளைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் நிறைவேறியபோது, உயர் நீதிமன்றம் சொன்ன திருத்தங்கள் எல்லாம் சேர்க்கப்படவில்லை என்று பெரிய சத்தம் எழுந்தது. சான்றுரைக்குப் பின் போன மனு உள்ளேயே எடுக்கப்படவில்லை. படலை பூட்டியாகிவிட்டது.

பழைய சட்டங்களின் கதை இன்னும் மோசம். அரசியலமைப்பு வருமுன் இருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைக்கு முரணாக இருந்தாலும் செல்லும் என்று 16ஆம் உறுப்புரை சொல்கிறது. பின்னர் வந்தவற்றுக்குச் சான்றுரை காவல். 1979இல் தற்காலிகம் என்று கொண்டுவந்து 1982இல் நிரந்தரமாக்கிய பயங்கரவாதத் தடைச் சட்டத்தை எந்த நீதிமன்றமும் தூக்கி எறியவில்லை என்றால் காரணம் நீதியரசர்களின் மனம் மட்டுமில்லை. சட்டத்தைத் தூக்கி எறியும் அதிகாரமே அவர்களிடம் இல்லை. அந்தச் சட்டத்தின் பேரில் ஓர் அதிகாரி செய்ததை மட்டும் அவர்கள் விசாரிக்கலாம்.

அதிகாரி செய்ததை விசாரிக்கும் அந்த அதிகாரம்தான் 126ஆம் உறுப்புரை. நாளாந்தம் என் மேசைக்கு வருவது இதுதான், ஆகவே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். அரசின் நிறைவேற்று அல்லது நிர்வாகச் செயல் ஒன்று உங்கள் அடிப்படை உரிமையை மீறினால், நேரே உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம், கீழ் நீதிமன்றப் படிகள் ஏறத் தேவையில்லை. பொலிஸ்காரர் அடித்தது, பதவி உயர்வில் பாகுபாடு, கூட்டத்துக்குத் தடை, ஜனாதிபதியின் பிரகடனம், எல்லாம் இதற்குள் வரும். பக்கத்து வீட்டுக்காரர் செய்தது வராது, நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பும் வராது. ஒரு மாதத்துக்குள் போகவேண்டும். அந்த ஒரு மாதம்தான் எங்கள் ஊர் ஆட்களை விழுத்துகிறது.

ஒரு ஆசிரியை. பழிவாங்கும் இடமாற்றம் என்பது கடிதத்தை வாசித்ததுமே தெரிந்தது. கையெழுத்து, திகதி, காரணம் சொல்லாத ஒற்றை வரி, எல்லாம் வழக்குக்கு வசதியாகவே இருந்தன. “எப்ப வந்தது, ரீச்சர்?” என்று கேட்டேன். மூன்று மாதம் ஆகிவிட்டது. இடையில் என்ன செய்தார்? மேலதிகாரிக்கு ஒரு முறைப்பாடு, அதற்கு மேலே உள்ளவருக்கு இன்னொன்று, பிறகு அமைச்சுக்கு. எல்லாம் பதிவுத் தபால், பற்றுச்சீட்டை வரிசையாக ஊசி குத்தி வைத்திருந்தார். பண்பாகக் கேட்டுப் பார்ப்போம் என்று நினைக்கிற நல்ல மனிதர்களுக்குத்தான் இந்த ஒரு மாதம் கழுத்தில் கத்தி. முறைப்பாடு எழுதுவதால் அந்த மணிக்கூடு நிற்பதில்லை. அதை நிறுத்த ஒரு வழி சட்டத்தில் உண்டு: ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம், 13ஆம் பிரிவு. ஆனால் முறையிட்டதற்கான துண்டு மட்டும் போதாது, உண்மையில் அங்கே விசாரணை நடந்ததைக் காட்டு என்று சில தீர்ப்புகள் கேட்டிருக்கின்றன. ஆகவே அதைப் பாதுகாப்பான பாலம் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. “அப்ப இனி ஒண்டும் செய்யேலாதோ, ஐயா?” என்று கேட்டார். அதிகாரியின் முடிவை ரத்துச் செய்யக் கேட்கும் ரிட் மனு ஒன்று போட்டோம், மாகாண விடயம் என்றபடியால் அதை இங்கேயே மேல் நீதிமன்றத்தில் போட முடிந்தது. ஓரளவு நிவாரணம் கிடைத்தது, முழுதாக இல்லை.

தூரத்தையும் சொல்லத்தான் வேண்டும். 126 மனுவை யாழ்ப்பாணத்தில் போட முடியாது. இரவு பஸ் ஏறி விடியக் கொழும்பில் இறங்கி, வெள்ளவத்தையில் முகம் கழுவி, புதுக்கடைக்குப் போய், சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் நடக்கும் விசாரணையைப் பார்த்துக்கொண்டிருந்து, “அடுத்த தவணை” என்று கேட்டுவிட்டு அன்றிரவே திரும்பும் ஒரு தோட்டக்காரனுக்கு அரசியலமைப்பு எப்படித் தெரியும் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு மாதத்துக்குள் மனுவைத் தீர்க்கவேண்டும் என்று அதே உறுப்புரை சொல்கிறது. அதை நீதிமன்றம் கட்டாயமாக எடுத்துக்கொள்வதில்லை. பிரஜைக்கு ஒரு மாதம் இரும்புக் கணக்கு, நீதிமன்றத்துக்கு இரண்டு மாதம் இழுபடும் கணக்கு.

இவ்வளவு குறையோடும் அந்த 126 ஒரு ஜனாதிபதியை மறித்தது. 2018 அக்டோபர் 26ஆம் திகதி ஜனாதிபதி சிறிசேன பிரதமரை நீக்கி மகிந்த ராஜபக்சவை நியமித்தார். சபையில் பெரும்பான்மைக்கு வேண்டிய 113 சேரவில்லை. நவம்பர் 9ஆம் திகதி நாடாளுமன்றத்தையே கலைத்தார். தெரிவான நான்கரை வருடத்துக்குள் கலைக்க முடியாது, சபையே மூன்றில் இரண்டால் கேட்டால் ஒழிய, என்று 70ஆம் உறுப்புரை சொல்கிறது. அரசின் தலைமைச் சட்டத்தரணியான சட்டமா அதிபரின் தரப்பு 33ஆம் உறுப்புரையைக் காட்டியது: கலைக்கும் அதிகாரம் ஜனாதிபதிக்கு உண்டு என்று அங்கே பொதுவாக ஒரு வரி இருக்கிறது, அது தனித்து நிற்கும் என்றார்கள். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் தலைவராக இருந்த சம்பந்தன் ஐயா உட்படப் பலர் மனுப் போட்டார்கள். 13ஆம் திகதி பின்னேரம் இடைக்காலத் தடை வந்தது. டிசம்பர் 13ஆம் திகதி ஏழு நீதியரசர்களும் ஒருமனதாகச் சொன்னார்கள்: பொதுவான வரியைக் காட்டிக் குறிப்பான நிபந்தனையைத் தாண்ட முடியாது, கலைப்பு செல்லாது. எங்கள் முடியாட்சிக்காலத்து எச்சமாக ஜனாதிபதியிடம் கட்டற்ற அதிகாரம் எதுவும் ஒளிந்திருக்கவில்லை என்பதையும் தீர்ப்பு தெளிவாக்கியது. அன்று யாழ்ப்பாண நீதிமன்ற வளாகத்துத் தேநீர்க் கடையில் ஒரே கொண்டாட்டம். வழக்கின் பெயரே சம்பந்தன் எதிர் சட்டமா அதிபர்.

அந்தக் கொண்டாட்டத்தில் நான் சொன்ன ஒன்று நண்பர்களுக்குப் பிடிக்கவில்லை. அதை இங்கும் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் “எங்களுக்காக” என்ற சொல் இங்கேதான் சோதிக்கப்படுகிறது. 2006 அக்டோபர் 16ஆம் திகதி இதே நீதிமன்றம் வடக்கு, கிழக்கு மாகாணங்களை ஒன்றாக்கிய இணைப்புச் செல்லாது என்று தீர்த்தது. எந்தக் காரணத்தில்? இணைக்குமுன் போராளிகளின் ஆயுதங்கள் கையளிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று மாகாண சபைகள் சட்டம் போட்ட நிபந்தனையை, 1988இல் ஜனாதிபதி ஜெயவர்த்தன அவசரகால ஒழுங்குவிதியால் மாற்றித்தான் இணைத்தார். நாடாளுமன்றம் போட்ட நிபந்தனையை ஜனாதிபதி ஒரு விதியால் நீக்க முடியாது என்றார்கள். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு தீர்ப்பையும் கேட்டால் ஒரே குரல்தான். 2018இல் நாங்கள் கைதட்டிய கோட்பாடே 2006இல் எங்களை அடித்தது. அதிகாரத்தை மட்டுப்படுத்தும் விதி, அந்த அதிகாரம் யாருக்கு நன்மை செய்தது என்று பார்ப்பதில்லை. அதே நேரம், 18 வருடம் யாரும் அசைக்காமல் விட்ட ஓர் இணைப்பை அந்த மனுவும் அந்தக் காலமும் சேர்ந்து ஏன் அசைத்தன என்று கேட்பதும் நியாயம்தான். சட்டக் காரணம் சரியாக இருந்தும் காலம் சந்தேகத்துக்குரியதாக இருக்கலாம். இது என் கருத்து, தீர்ப்பில் தேடாதீர்கள்.

இன்னும் பின்னால் போனால் கோடீஸ்வரன் வழக்கு. சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்றாத ஓர் அரசாங்க எழுதுவினைஞரின் சம்பள ஏற்றத்தை நிறுத்தினார்கள். சுதந்திரத்தோடு வந்த சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகமான சட்டத்தைத் தடுத்தது, ஆகவே சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிய 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டமே செல்லாது என்று அவர் வாதிட்டார். கொழும்பு மாவட்ட நீதிமன்றம் 1964இல் அவர் பக்கம் நின்றது. 1967இல் உயர் நீதிமன்றம் மொழிச் சட்டத்தைத் தொடவே இல்லை, அரச ஊழியர் சம்பளத்துக்காக முடிக்கு எதிராக வழக்குப் போட முடியாது என்று கதவைச் சாத்தியது. 1969 டிசம்பரில், அன்று எங்கள் இறுதி மேன்முறையீட்டு இடமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில், போடலாம், திரும்பப் போய் அரசியலமைப்புக் கேள்வியைத் தீருங்கள் என்று அனுப்பியது. அந்தக் கேள்வி தீர்க்கப்படவே இல்லை. பிரிவி கவுன்சில் மேன்முறையீடு 1971இல் ஒழிந்தது, 1972 அரசியலமைப்போடு 29ஆம் பிரிவும் போனது. நீதிமன்றம் எங்களுக்கு எதிராகத் தீர்த்ததைவிட, தீர்க்காமல் விட்டதுதான் அதிகம் என்று என் மூத்தவர் ஒருவர் சொல்வார். அவர் மனதில் இருந்தது இந்த வழக்கு.

நன்மைப் பக்கத்தையும் மறைக்கக்கூடாது. 2007 ஜூன் 7ஆம் திகதி விடியற்காலையில் கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த முந்நூறுக்கும் மேற்பட்ட தமிழரைப் பொலிஸார் பஸ்ஸில் ஏற்றி வவுனியாப் பக்கம் அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்து இடைக்கால உத்தரவு போட்டது. வழக்குக்குப் போனால் லொட்ஜில் படுக்கிறவன் என்பதால் அந்த ஒரு நாள் வேகத்தின் பெறுமதி எனக்குத் தெரியும். 2017 ஆகஸ்டில் தமிழரசுக் கட்சி பிரிவினை கோருகிறது என்ற வழக்கில், சமஷ்டி (கூட்டாட்சி) கேட்பது பிரிவினை கேட்பதாகாது என்று தீர்த்தார்கள். தனிநாடு கோருவதைத் தடைசெய்த 1983ஆம் ஆண்டின் 6ஆம் திருத்தத்தின் நிழலில் 34 வருடம் பேசப் பயந்த சொல் அது. காணி விடயத்தில், 2025 மார்ச் 28ஆம் திகதி வடக்கில் ஏறத்தாழ 5,940 ஏக்கருக்கு ஒரு வர்த்தமானி வந்தது. மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணியாகும் என்ற வகை அறிவித்தல். போரில் உறுதியைத் தொலைத்தவரும் வெளிநாட்டில் இருப்பவரும் மூன்று மாதத்தில் எங்கே போவது? அந்தக் காலம் முடிகிற தறுவாயில், ஜூன் 27ஆம் திகதி, உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது.

தீர்ப்பு வந்தபின் என்ன நடக்கும் என்பது தனிக் கதை. 1983இல் ஒரு பொலிஸ் அத்தியட்சகர் துண்டுப் பிரசுரங்களைப் பறித்ததற்காக உரிமை மீறினார் என்று கண்டு 10,000 ரூபா நட்டஈடு விதித்தார்கள். அரசு அவருக்குப் பதவி உயர்வு கொடுத்து, அந்தப் பணத்தையும் தானே கட்டியது. 2012இல் வறுமை ஒழிப்புக்கென்று வந்த திவிநெகும சட்டமூலத்துக்கு மாகாண சபைகளின் சம்மதம் வேண்டியிருந்தது. வடக்கில் அப்போது சபையே இல்லை, ஆளுநர் சம்மதம் கொடுத்தார். ஆளுநர் சபையாக முடியாது என்று உயர் நீதிமன்றம் சொன்னது. அதே நாட்களில் பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்கவைப் பதவி நீக்கக் குற்றப் பிரேரணை வந்தது. அந்த விசாரணை முறையே சட்டவிரோதம் என்று நீதிமன்றங்கள் சொல்லியும் 2013 ஜனவரி 11ஆம் திகதி சபை வாக்களித்து நீக்கியது. அவரை வீரராக்கவும் எனக்கு மனமில்லை. ஜனாதிபதி எத்தனை தடவையும் போட்டியிடலாம் என்ற 2010ஆம் ஆண்டின் 18ஆம் திருத்தத்தை அவசரச் சட்டமூலமாக அவசரமாகப் பார்த்து வழிவிட்ட ஆயத்துக்குத் தலைமை தாங்கியவரும் அவர்தான். இன்னொன்று: 2023 மார்ச்சில் நடக்கவேண்டிய உள்ளூராட்சித் தேர்தலைப் பணமில்லை என்று இழுத்தடித்தது உரிமை மீறல் என்ற தீர்ப்பு 2024 ஆகஸ்ட் 22ஆம் திகதி வந்தது. தேர்தல் 2025 மே 6ஆம் திகதி நடந்தது. நீதிமன்றத்துக்குப் பொலிஸும் இல்லை, கருவூலமும் இல்லை. 2018இல் தீர்ப்பு பலித்ததற்கு, அதற்குக் கட்டுப்பட ஜனாதிபதி இணங்கியதும் ஒரு காரணம். நீதியரசர் நியமனத்துக்கு அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரம் வேண்டும் என்ற ஏற்பாடு அப்போது நடைமுறையில் இருந்ததும் இன்னொரு காரணம் என்று நான் நம்புகிறேன், நிரூபிக்க முடியாது.

இனி உங்கள் அப்பப்பாவின் காணி. வலிகாமம் வடக்கில் 2013இல் 6,381 ஏக்கரை இராணுவத் தேவைக்கென்று சுவீகரிக்க (அரசுடைமையாக்க) அறிவித்தல் ஒட்டியபோது ஈராயிரத்துக்கும் மேற்பட்டோர் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2015இலிருந்து துண்டு துண்டாகக் காணி விடப்பட்டதற்கு அரசியல் மாற்றம்தான் பெரிய காரணம், ஆனால் அத்தனை பேர் வழக்கில் நின்றதால் சுவீகரிப்பைச் சத்தமில்லாமல் முடிக்க முடியவில்லை. உங்கள் துண்டு எந்த நிலையில் இருக்கிறது என்று உறுதியைப் பார்க்காமல் நான் சொல்லமாட்டேன், சொல்கிறவரையும் கேட்கவேண்டாம். பழைய பறிப்புக்கு 126இன் ஒரு மாதம் எப்போதோ போய்விட்டது. ஆனால் இனி வரும் ஒவ்வொரு கடிதமும், ஒவ்வொரு வர்த்தமானியும், வேலியில் ஒட்டும் ஒவ்வொரு அறிவித்தலும் புதிய செயல், புதிய கணக்கு. நில அளவைக்காரர் வந்தால் திகதியை எழுதுங்கள். அறிவித்தலைப் படம் எடுங்கள். கடிதம் வந்தால் தபால் முத்திரை விழுந்த உறையை எறியாதீர்கள், கடிதத்தின் திகதிக்கும் அது கைக்கு வந்த திகதிக்கும் இடையில் சில வேளை மூன்று கிழமை கிடக்கும், மணிக்கூடு எங்கே தொடங்கியது என்பதை அந்த உறைதான் காட்டும். கிராம சேவகரிடம் வதிவுக் கடிதமும், காணிப் பதிவகத்தில் தோம்புப் (காணிப் பதிவேட்டு) பிரதியும் இப்போதே எடுத்து வையுங்கள். அதன் பிறகு உறுதியோடு இங்கே ஒரு காணிச் சட்டத்தரணியிடம் போங்கள். ஏதாவது அறிவித்தல் வந்திருந்தால் இந்தக் கிழமையே போங்கள்.